உரசிப் பார்க்க முடியாத சரிகை

(கூரத்திலிருந்து கேள்வி-பதில்)

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைச் சுற்றுகின்றன: கணினிப் பாதுகாப்புக் கம்பெனி, புதுத் தொழில்நுட்பம், பத்து மடங்கு லாபம். ஏதோ ஒரு வாட்ஸ்அப் செய்தி காஞ்சிபுரம் வட்டாரத்தை ஒரு சுற்றுச் சுற்றியிருக்கிறது என்று புரிகிறது. அந்தக் கம்பெனியின் பெயரை இங்கே போடப்போவதில்லை. போட்டால் நாளைக்கு விலை ஏறினாலும் திட்டு, இறங்கினாலும் திட்டு.

கே: என் மருமகன் அந்தப் பங்கை வாங்கச் சொல்கிறார். "எங்கள் வாடிக்கையாளர் ஒருவர்கூட இதுவரை ஹேக் ஆனதில்லை" என்று கம்பெனி எழுதியிருக்கிறதாம். இதைவிட என்ன நிரூபணம் வேண்டும்?
— தறிக்காரர், பிள்ளையார்பாளையம்

ப: அந்த வாசகத்துக்கு மூன்று அர்த்தம் உண்டு. பாதுகாப்பு பிரமாதமாக இருக்கிறது. அல்லது, யாரும் கை வைத்துப் பார்க்கவில்லை. அல்லது, எப்போதோ உள்ளே புகுந்துவிட்டார்கள், இன்னும் தெரியவில்லை. மூன்றுக்கும் ஆண்டறிக்கையில் அச்சாகும் வரி ஒன்றேதான்.

மூன்றாவதை லேசாக நினைக்காதீர்கள். ஸ்டார்வுட் என்ற ஹோட்டல் குழுமத்தின் முன்பதிவுக் கணினிக்குள் 2014-இலேயே ஆள் புகுந்தாயிற்று. கண்டுபிடித்தது 2018 செப்டம்பரில். நடுவில், 2016-இல், மாரியட் நிறுவனம் ஸ்டார்வுட்டையே விலைக்கு வாங்கியது. கட்டடம், கட்டில், மெத்தையோடு உள்ளே உட்கார்ந்திருந்த திருடனையும் சேர்த்து வாங்கினார்கள். வாங்கிய நாளில் அந்தத் திருடன் உள்ளே இருப்பது இரண்டு கம்பெனிக்கும் தெரியாது.

மருமகனிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: கம்பெனியிடம் சம்பளம் வாங்காத யாராவது அதை உடைக்க முயன்றார்களா? அவர்கள் எழுதியது எங்கே கிடைக்கும்?

கே: சரிகையைச் சுரண்டிப் பார்த்தால் உள்ளே சிவப்பு நூல் தெரிகிறதா என்று கண்டுபிடிக்கலாம். எக்ஸ்ஆர்எஃப் மிஷினில் வைத்தால் வெள்ளி எத்தனை சதவீதம் என்றே சொல்லிவிடுகிறது. மென்பொருளுக்கு அப்படி ஒரு மிஷின் கிடையாதா?
— சரிகைக் கடைக் கணக்கர், காஞ்சிபுரம்

ப: கிடையாது. இந்த முறை வந்ததில் சிறந்த கேள்வி உங்களுடையது.

சரிகைக்கு எதிரி இல்லை. இன்றைக்கு இருக்கிற வெள்ளி நாளைக்கும் இருக்கும். உங்கள் மிஷின் எப்படிச் சோதிக்கிறது என்று இரவெல்லாம் படித்துவிட்டு, காலையில் வேஷம் மாற்றிக்கொண்டு எந்தச் சரிகையும் வருவதில்லை. கணினிப் பாதுகாப்பில் எதிரில் இருப்பது உலோகம் அல்ல, மூளை. நேற்றைய சோதனையில் தேறியது நேற்றைய திருடனுக்குத்தான்.

அதனால் இந்தத் துறை வேறு வழி கண்டுபிடித்தது. பொருளைத் தெருவில் வைத்து, வருகிறவன் போகிறவன் எல்லாரையும் உடைத்துப் பார்க்கச் சொல்வது. 1977-இல் ஆர்எஸ்ஏ என்ற மறையீட்டு முறையைக் கண்டுபிடித்தவர்கள் 129 இலக்கம் கொண்ட ஓர் எண்ணையும் அதைக் கொண்டு பூட்டிய ஒரு செய்தியையும் ஒரு பத்திரிகையில் வெளியிட்டு, எண்ணைக் காரணிப்படுத்திச் செய்தியைப் படித்தால் 100 டாலர் பரிசு என்றார்கள். அதற்கு ஏறக்குறைய 400 கோடி கோடி ஆண்டு ஆகும் என்று ஒரு மதிப்பீடும் கூடவே வந்தது. 1994-இல், 17 வருடத்தில், இணையத்தில் கூடிய சுமார் 600 தன்னார்வலர்கள் அதை முடித்துவிட்டார்கள். மதிப்பீடு போட்டவர்களுக்குக் கொஞ்சம் வெட்கம்; ஆர்எஸ்ஏவுக்கு நஷ்டமில்லை. எந்த நீளம்வரை உடைபடும் என்று ஊருக்கே தெரிந்ததால், எண்ணை இன்னும் நீளமாக்கிக்கொண்டார்கள்.

அமெரிக்கத் தர நிர்ணய அமைப்பான நிஸ்ட் 1997-இல் ஒரு போட்டி அறிவித்தது. 15 முறைகள் களத்தில் இறங்கின. போட்டியாளர்களே ஒருவர் முறையை ஒருவர் உடைக்க முயன்றார்கள். சொல்லப்போனால் சம்பளமில்லாத சோதனைச்சாலை. 2000 அக்டோபரில் ஜெயித்தது பெல்ஜியத்தின் டேமன், ரைமன் என்ற இருவர் உருவாக்கிய முறை. ஏஇஎஸ் என்ற பெயரில் இன்று உங்கள் வங்கிப் பரிவர்த்தனைக்குக் காவல் அதுதான்.

இத்தனைக்கும் பிறகு முழு உத்தரவாதம் உண்டா என்றால், அதுவும் இல்லை. சைக் என்று ஒரு முறை, 2017-இல் இதே நிஸ்டின் இன்னொரு போட்டிக்கு வந்து நான்காம் சுற்றுவரை போனது. உருவாக்கியவர்களில் மைக்ரோசாஃப்ட், அமேசான் ஆட்களும் உண்டு. 2022-இல் லூவன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இருவர் ஒரு சாதாரணக் கணினியில் சுமார் ஒரு மணி நேரத்தில் அதைத் திறந்துவிட்டார்கள். ஐந்து வருடம் ஊரே பார்த்த பொருளுக்கே இந்தக் கதி. யாரும் பார்க்காத பொருளை "உடைக்க முடியாதது" என்று விற்பவரின் துணிச்சலை என்னவென்று சொல்ல?

கே: வெளியில் காட்டினால் காப்பியடித்துவிடுவார்கள் என்றுதான் ரகசியமாக வைத்திருக்கிறார்களாம். நியாயம்தானே?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், வாலாஜாபாத்

ப: மிட்டாய்க் கடைக்கு நியாயம். மறையீட்டுக்கு இல்லை. சாவி மட்டும்தான் ரகசியமாக இருக்க வேண்டும், மற்ற எல்லாம் எதிரி கையில் கிடைத்தாலும் முறை தாங்க வேண்டும் என்று 1883-இலேயே கெர்க்காஃப்ஸ் என்ற மொழி ஆசிரியர் எழுதிவைத்துவிட்டார். ஆமாம், உங்களைப் போலவே ஆசிரியர். ராணுவங்கள் அதை ஏற்கக் கொஞ்ச காலம் ஆனது. முதலீட்டாளர்கள் இன்னும் ஏற்கவில்லை.

இரண்டு சம்பவங்களை அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். 2002 ஆகஸ்டில் கான்பூர் ஐஐடியில் மணீந்திர அகர்வாலும் அவருடைய மாணவர்கள் நீரஜ் கயால், நிதின் சக்சேனாவும், ஓர் எண் பகா எண்ணா இல்லையா என்று சொல்லும் புதிய வழியைக் கண்டுபிடித்தார்கள். பல தலைமுறையாகக் கணிதம் தேடிய வழி அது. கட்டுரையை நேராக உலகத்துக்கு அனுப்பினார்கள். சில நாளிலேயே பெரிய பெரிய கணித மேதைகள் சரிபார்த்து, சரி என்றார்கள். ரகசியமும் இல்லை, முதலீட்டாளர் கூட்டமும் இல்லை.

2019 ஆகஸ்டில் லாஸ் வேகாஸில் நடந்த பிளாக் ஹாட் என்ற கணினிப் பாதுகாப்பு மாநாட்டில் கிரவுன் ஸ்டெர்லிங் என்ற நிறுவனம், பகா எண்களில் தாங்கள் கண்ட புதுமை பற்றி மேடை ஏறியது. காசு கொடுத்து வாங்கிய மேடை. கேட்டுக்கொண்டிருந்த நிபுணர்கள் அரங்கிலேயே எழுந்து கூச்சல் போட்டார்கள். நிறுவனம் மாநாட்டு அமைப்பாளர்கள்மீது வழக்குப் போட்டது. அடுத்த மாதம் தங்கள் திறமையைக் காட்ட 256 பிட் ஆர்எஸ்ஏ சாவியை உடைத்துக் காட்டினார்கள். மேலே சொன்னேனே, 1994-இல் தன்னார்வலர்கள் உடைத்த எண்? அது 426 பிட். கால் நூற்றாண்டுக்கு முன் ஏறிய மலையின் பாதி உயரத்தில் நின்று கொடி நாட்டியிருக்கிறார்கள். இதைப் பார்த்து மயங்குகிற முதலீட்டாளருக்கு 256 பெரிய எண், அவ்வளவுதான்.

கே: பேடன்ட் வாங்கியிருக்கிறார்களே?
— டைப்பிங் சென்டர் உரிமையாளர், உத்திரமேரூர்

ப: பேடன்ட் அலுவலகம் "இது புதிதா?" என்று பார்க்கும். மென்பொருளை ஓட்டி, நாலு திருடனை விட்டுச் சோதித்துப் பார்ப்பது அதன் வேலை இல்லை.

கே: 99 சதவீதம் துல்லியம் என்கிறார்கள். என் மகள் ப்ளஸ் டூவில் 99 எடுத்தால் ஊருக்கே இனிப்பு கொடுப்பேன். இதில் என்ன குறை காண்பீர்கள்?
— அரிசி மண்டிக்காரர், அய்யம்பேட்டை

ப: மகளுக்கு என் வாழ்த்து. ஆனால் ஒரு கணக்குப் போடுவோம்.

ஒரு நடுத்தர அலுவலகத்தில் ஒரு நாளைக்கு 10 லட்சம் கோப்புகள் வந்துபோகின்றன என்று வையுங்கள். அதில் கெட்டது 100. மென்பொருள் 99 சதவீதம் பிடிக்கிறது, அதாவது 99. நல்லவற்றில் நூற்றுக்கு ஒன்றை மட்டும் தவறாகச் சந்தேகிக்கிறது. நல்லது 9,99,900, அதில் ஒரு சதவீதம் 9,999. ஆக, அன்றைக்கு அடிக்கிற எச்சரிக்கை மணி 10,098. அதில் உண்மையான திருடன் 99. நூறு தடவை மணி அடித்தால் ஒரு தடவைகூட முழுசாகத் திருடன் இல்லை. மூன்றாவது நாள் அந்த அலுவலகப் பையன் மணியை அணைத்து வைத்துவிடுவான்.

எதில் 99 என்று கேட்காதவரை அந்த எண்ணுக்கு எடை கிடையாது. நல்லதைக் கெட்டது என்று சொல்வது எத்தனை? அதைப் பல கம்பெனிகள் சின்ன எழுத்தில்கூட அச்சடிப்பதில்லை.

கே: சோதனைகளில் போட்டிக் கம்பெனிகளை எல்லாம் தோற்கடித்துவிட்டதாம்.
— செல்போன் கடைக்காரர், ஓரிக்கை

ப: வினாத்தாள் தயாரித்தது யார்?

சைலன்ஸ் என்று ஒரு நிறுவனம், 2012-இல் தொடங்கியது. பழைய ஆன்டிவைரஸ்போலப் பட்டியல் வைத்துத் தேடாமல், செயற்கை நுண்ணறிவால் கோப்பின் முகத்தைப் பார்த்தே நல்லது கெட்டது சொல்லிவிடும் என்பது அவர்கள் பேச்சு. வாடிக்கையாளர்கள் ஒப்பிட்டுப் பார்க்கும் சோதனைக்கு வைரஸ் மாதிரிகளையும் அவர்களே கொடுத்தார்கள். அதில் சிலது வைரஸே இல்லை என்று 2017-இல் பெரிய சச்சரவு. போட்டியாளர்கள் பிடிக்காததில் ஆச்சரியம் என்ன? பிடிக்க அங்கே ஒன்றும் இல்லை.

ஆனாலும் தொழில்நுட்பம் வெறும் பேச்சு அல்ல. அதில் சரக்கு இருந்தது, பிற்பாடு எல்லாக் கம்பெனியும் அந்த வழிக்கு வந்தன. 2018 நவம்பரில் பிளாக்பெர்ரி 140 கோடி டாலருக்கு வாங்குவதாக அறிவித்தது. 2019 ஜூலையில் ஆஸ்திரேலியாவின் ஸ்கைலைட் ஆய்வாளர்கள் ஒரு வேடிக்கையைக் கண்டுபிடித்தார்கள். ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டின் கோப்பிலிருந்து சில எழுத்துகளை எடுத்து வைரஸின் வாலில் ஒட்டிவிட்டால் போதும், அந்தச் செயற்கை நுண்ணறிவு அதை நல்ல பிள்ளை என்று உள்ளே விட்டது. 2024 டிசம்பரில் பிளாக்பெர்ரி அதே சைலன்ஸை ஆர்க்டிக் வுல்ஃப் என்ற கம்பெனிக்கு விற்பதாக அறிவித்தது. பேசிய விலை 16 கோடி டாலர் ரொக்கமும் கொஞ்சம் பங்கும்.

ஆக, தொழில்நுட்பம் பாதி உண்மையாக இருக்கலாம், விலை முழுப் பொய்யாக இருக்கலாம். முதலீட்டாளர்கள் சண்டையில் இந்த இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிடுவதுதான் தொல்லை.

கே: அவர்கள் அலுவலகத்துக்கே போய்ப் பார்த்தேன். சுவர் முழுக்கத் திரை. உலக வரைபடத்தில் எந்த நாட்டிலிருந்து எந்த நாட்டுக்குத் தாக்குதல் போகிறது என்று மின்னல் மின்னலாகப் பாய்கிறது!
— ரியல் எஸ்டேட் அதிபர், சுங்குவார்சத்திரம்

ப: அந்த மின்னலால் உலகப் புகழ் பெற்ற கம்பெனியின் பெயர் நார்ஸ். தொலைக்காட்சிகள் அந்த வரைபடத்தைக் காட்டாத நாளில்லை. தணிக்கை நிறுவனமான கேபிஎம்ஜியின் முதலீட்டுப் பிரிவு 2015-இல் பணம் போட்டது. 2016 ஜனவரியில் ஆட்குறைப்பு, தலைமை அதிகாரி வெளியே, சில நாளில் இணையதளமே இருட்டு. மின்னியது, இடித்தது, மழை மட்டும் இல்லை.

கே: இணையத்தில் இரண்டு கோஷ்டி அடித்துக்கொள்கிறது. ஒன்று "புரட்சி" என்கிறது. இன்னொன்று "மோசடி" என்கிறது. இரண்டாவது கோஷ்டி விலை இறங்கினால் லாபம் பார்க்கிற ஷார்ட்செல்லர்களாம். யாரை நம்புவது?
— கூட்டுறவுச் சங்க எழுத்தர், கூரம்

ப: நம் ஊர்க்காரர் கேட்டிருக்கிறார், கொஞ்சம் விரிவாகவே பேசுவோம்.

உங்கள் கேள்விக்கு அப்படியே பொருந்துகிற ஒரு வழக்கு உண்டு. அமெரிக்காவில் டெக்சஸ் மாநிலத்தில் இன்ட்ரூஷன் என்ற பழைய, சிறிய கம்பெனி. 2020-இல் புதுத் தலைமை அதிகாரி வந்தார். பங்கு நாஸ்டாக் சந்தைப் பட்டியலில் ஏறியது. 2021 ஜனவரியில் ஷீல்டு என்ற பொருள் அறிமுகம். அதற்குமுன் 13 கம்பெனிகளில் 90 நாள் சோதனை நடத்தியதாகவும், அதில் ஏழே முக்கால் கோடித் தாக்குதல்களைத் தடுத்ததாகவும் அறிவித்தார்கள். ஒரு கம்பெனிக்கு ஒரு நாளைக்கு 66,000 தாக்குதல். வாசலைக் கடந்துபோன நாய், பூனை எல்லாவற்றையும் எண்ணினால்தான் இந்தக் கணக்கு வரும். உள்ளே நுழைந்தது எத்தனை என்பதுதான் கேள்வி.

2021 ஏப்ரலில் ஒயிட் டைமண்ட் ரிசர்ச் என்ற ஷார்ட்செல்லர் அறிக்கை வெளியிட்டது. இது பழைய சரக்குக்குப் புது அட்டை, பேடன்ட் இல்லை, சான்றிதழ் இல்லை என்று அதன் சாரம். பங்கு சரிந்தது. ஆதரவுக் கோஷ்டி சொன்னது: "பழைய சரக்கு அல்ல, இத்தனை வருடம் சேர்த்த தரவுக் களஞ்சியம்." ஒரே உண்மைதான், ஒருவருக்குக் கிடங்கு, மற்றவருக்குப் பொக்கிஷம். பங்குதாரர்கள் வழக்குப் போட்டார்கள், அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையம் விசாரிக்க ஆரம்பித்தது, ஜூலையில் தலைமை அதிகாரி போய்விட்டார். கம்பெனி மூடவில்லை, ஷீல்டையும் விற்கிறது. 2024 மார்ச்சில் 20 பங்கைச் சேர்த்து ஒரு பங்காக்கியது. எண்ணிக்கை குறைந்து விலை மட்டும் உயர்ந்து தெரிய அது ஒரு வழி.

இப்போது உங்கள் கேள்வி. நம் ஊர்ச் செப்பேடு நினைவிருக்கிறதா? முதலாம் பரமேசுவரவர்ம பல்லவன் காலத்துக் கூரம் செப்பேடு. சாளுக்கிய விக்கிரமாதித்தனின் லட்சக்கணக்கான படை சிதறி, அவன் ஒரு கந்தலைப் போர்த்திக்கொண்டு தன்னந்தனியாக ஓடினான் என்று பெருமை பேசுகிறது. சாளுக்கியர் வெளியிட்ட 674-ஆம் ஆண்டுக் கத்வால் செப்பேட்டைப் புரட்டினால், அதே விக்கிரமாதித்தன் பல்லவனை வென்று காஞ்சியையே பிடித்துவிட்டான். இரண்டும் செம்பு, இரண்டும் ராஜ முத்திரை. வரலாற்றாசிரியர்கள் எதையும் குப்பையில் போடவில்லை. முதலில் காஞ்சி கைமாறியது, பிறகு பெருவளநல்லூரில் பல்லவன் திருப்பி அடித்தான் என்று பொதுவாகச் சேர்த்துப் படிக்கிறார்கள். கூரம் ஏட்டில் காஞ்சி விழுந்த கதை இல்லை. கத்வால் ஏட்டில் கந்தல் இல்லை.

கம்பெனி அறிக்கையையும் ஷார்ட்செல்லர் அறிக்கையையும் அப்படித்தான் படிக்க வேண்டும். சொன்னது பொய்யா என்று தேடுவதைவிட, எதைச் சொல்லாமல் விட்டார் என்று தேடுவது எளிது. ஷார்ட்செல்லருக்கு ஒரு நாணயம் உண்டு: "விலை விழுந்தால் எனக்கு லாபம்" என்று முதலிலேயே அச்சடித்துவிடுகிறார். "புரட்சி" என்று கத்துகிறவர் எத்தனை பங்கு வைத்திருக்கிறார் என்று எங்கேயாவது சொல்கிறாரா? என் சாய்வு எந்தப் பக்கம் என்று உங்களுக்குப் புரிந்திருக்கும். மறைக்கவில்லை.

இன்னொன்று: குற்றச்சாட்டு வந்த பிறகு கம்பெனி என்ன செய்கிறது என்று பாருங்கள். பொருளை வெளியாட்களிடம் கொடுத்துச் சோதிக்கச் சொன்னால் ஒரு ரகம். வக்கீல் நோட்டீஸ் மட்டும் அனுப்பினால் இன்னொரு ரகம்.

கே: இதெல்லாம் அமெரிக்கக் கதை. நம் தமிழ்நாட்டில்?
— கல்லூரி மாணவி, ஏனாத்தூர்

ப: 8கே மைல்ஸ் என்று சென்னையில் ஒரு நிறுவனம். கிளவுட் சேவை, கணினியில் யார் உள்ளே வரலாம் என்று முடிவு செய்யும் அடையாளப் பாதுகாப்பு. ஒரு காலத்தில் சந்தையின் செல்லப்பிள்ளை. 2018-இல் பங்கு விலை பாதாளத்துக்குப் போனது. 2021-இல் செக்யூர்க்ளவுட் என்று பெயர் மாறியது. தணிக்கையாளர்கள் கணக்கில் கேள்வி எழுப்ப, விவகாரம் பங்குச் சந்தைக் கண்காணிப்பு அமைப்பான செபி வரை போனது. இங்கே கவனிக்க வேண்டியது, சண்டை தொழில்நுட்பம் பலிக்குமா என்பதில் அல்ல, கணக்குப் புத்தகத்தில். முதலீட்டாளர்கள் கிளவுட் பற்றி விவாதித்துக்கொண்டிருந்தபோது, பார்க்க வேண்டிய பக்கம் வேறாக இருந்தது.

நிரூபிக்காத தொழில்நுட்பத்துக்காக ஊரே இரண்டுபட்ட கதை வேண்டுமென்றால், உங்கள் அப்பாவிடம் கேளுங்கள்: 1996, ராமர் பிள்ளை, மூலிகைப் பெட்ரோல். ராஜபாளையம் பக்கத்துக் கிராமத்து ஆள் தண்ணீரையும் மூலிகையையும் கொதிக்கவைத்துப் பெட்ரோல் எடுக்கிறார் என்றதும், விஞ்ஞானிகள் சந்தேகப்பட்டால் "பொறாமை" என்றார்கள். சென்னை ஐஐடியில் சோதித்தபோது, கலக்குகிற கோல் உள்ளே குழலாக இருந்து, அதில் எண்ணெய் ஒளிந்திருந்தது தெரிந்தது. அதன்பிறகும் நம்பிப் பணம் போட்டவர்கள் உண்டு. 2016 அக்டோபரில் சென்னை நீதிமன்றம் மூன்றாண்டு சிறைத்தண்டனை விதித்தது. எதைக் கொதிக்கவைத்தார் என்று எல்லாரும் பார்த்தார்கள். எதனால் கலக்கினார் என்று பார்க்க ஐஐடி தேவைப்பட்டது.

கே: நம் ஆட்களில் உருப்படியான பாதுகாப்புக் கம்பெனியே கிடையாதா? அதில் போடலாமே.
— மளிகைக் கடைக்காரர், முத்தியால்பேட்டை

ப: ஏன் இல்லை? சென்னையின் கே7 கம்ப்யூட்டிங் 1991-இலிருந்து ஆன்டிவைரஸ் செய்கிறது. ஆனால் அது பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட கம்பெனி அல்ல. புனேயின் குவிக் ஹீல் பட்டியலில் உண்டு. நாடு முழுக்கக் கடை கடையாக விற்ற பொருள், தொழில்நுட்பத்தில் யாருக்கும் சந்தேகமில்லை. 2016 பிப்ரவரியில் 321 ரூபாய்க்குப் பங்கு வெளியிட்டார்கள். முதல் நாளே அந்த விலைக்குக் கீழே போனது. நிரூபித்த பொருளுக்கும் விலை அதிகம் கொடுத்தால் நஷ்டம்தான்.

கே: உலகத்திலேயே பெரிய கம்பெனியாகப் பார்த்து வாங்கிவிட்டால் பயமில்லையே?
— எல்ஐசி ஏஜென்ட், ஸ்ரீபெரும்புதூர்

ப: 2024 ஜூலை 19. உலகின் பெரிய பாதுகாப்புக் கம்பெனிகளில் ஒன்றான கிரவுட்ஸ்ட்ரைக் அனுப்பிய ஒரு பிழையான அப்டேட்டால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலமாகி நின்றன. நம் விமான நிலையங்களில் போர்டிங் பாஸைப் பேனாவால் எழுதிக் கொடுத்தார்கள். எந்த ஹேக்கரும் வரவில்லை, காவல்காரரே வாசலை அடைத்துக்கொண்டு விழுந்துவிட்டார். பயமில்லாத பங்கு வேண்டுமென்றால் அஞ்சலகம் போங்கள், அங்கே பங்கு கிடையாது.

கே: "குவாண்டம்" என்று பெயரில் இருந்தால்?
— பொறியியல் மாணவர், காஞ்சிபுரம்

ப: விலையில் பாதி அந்தச் சொல்லுக்கு. குவாண்டம் கணினியைத் தாங்கும் மறையீட்டுத் தரங்கள் மூன்றை நிஸ்ட் 2024 ஆகஸ்டிலேயே வெளியிட்டுவிட்டது. யாரும் இலவசமாகப் படிக்கலாம். உங்கள் கம்பெனி அவற்றைப் பயன்படுத்துகிறதா, தனியாக ஒன்றைச் சொந்தமாகச் சமைத்திருக்கிறதா என்று கேளுங்கள். சொந்தச் சமையல் என்றால் சைக் கதையை இன்னொரு முறை படியுங்கள்.

கே: என் பையன் ஓஎம்ஆரில் அப்படி ஒரு கம்பெனியில்தான் வேலை. சம்பளத்தில் பாதியைப் பங்காகத் தருகிறோம் என்கிறார்களாம். வாங்கலாமா?
— நெசவாளர் மனைவி, அய்யங்கார்குளம்

ப: அம்மா, அரிசிக்கும் வாடகைக்கும் ஆகிற சம்பளத்தைக் குறைத்துக்கொண்டு வாங்கச் சொல்லமாட்டேன். பட்டியலிடாத கம்பெனிப் பங்கை நினைத்த நாளில் விற்க முடியாது. அதோடு, பங்கைத் தன் பேரில் எடுக்கிறபோது அன்றைய மதிப்புக்கும் அவன் கொடுத்த விலைக்கும் உள்ள வித்தியாசத்தைச் சம்பளமாகக் கணக்கிட்டு வரி கேட்பார்கள். கையில் காசே வராத லாபத்துக்கு வரி. சில ஸ்டார்ட்அப்களுக்கு அதைத் தள்ளிப்போடச் சலுகை உண்டு. அவன் கம்பெனிக்கு உண்டா என்று விசாரிக்கச் சொல்லுங்கள்.

இன்னொரு விஷயம், தம்பி உள்ளே இருக்கிறான் அல்லவா? இத்தனை கடிதங்களிலும் வருகிறவர்களில், பொருள் வேலை செய்கிறதா என்று நேரில் பார்க்கக்கூடிய ஒரே ஆள் அவன்தான். கம்பெனியின் சொந்தக் கணினிகளில் அந்த மென்பொருள் ஓடுகிறதா என்று கேட்டுப் பாருங்கள். வேறு கம்பெனி மென்பொருள் ஓடுகிறது என்றால் பதில் கிடைத்துவிட்டது.

கே: ஆருத்ராவில் போட்டதே இன்னும் வரவில்லை. இப்போது இது வேறா?
— பெயர் வேண்டாம், செய்யாறு

ப: இரண்டும் ஒன்று என்று சொல்லிவிட முடியாது. ஆருத்ரா என்ற நிதி நிறுவனத்தில் சுமார் ஒரு லட்சம் பேர், 2,438 கோடி ரூபாய். மாதா மாதம் யாராலும் தர முடியாத வட்டி தருகிறேன் என்ற பேச்சு. அங்கே விவாதிக்கத் தொழில்நுட்பமே கிடையாது. வட்டி விகிதத்தைக் கேட்ட உடனே எழுந்து வந்திருக்கலாம். இதில் அப்படி இல்லை. நேர்மையான ஆட்களே தங்கள் பொருளை மனப்பூர்வமாக நம்பி, நம்மையும் நம்பவைத்து, எல்லாரும் சேர்ந்து இழக்கலாம். போலீசில் புகார் கொடுக்க ஆளே இருக்காது.

ஆனால் வாட்ஸ்அப்பில் பங்கு பரிந்துரைக்கிறவரிடம் செபி பதிவு எண் கேளுங்கள். இரண்டுக்கும் பொதுவான மருந்து அது. பெரும்பாலும் குழுவிலிருந்து உங்களை நீக்கிவிடுவார்கள். செலவில்லாத லாபம்.

கே: இவ்வளவு பேசுகிறீர்களே, உங்கள் கணினியில் என்ன ஆன்டிவைரஸ்?
— குறும்புக்காரர், கூரம் கேட்

ப: "அதைச் சொன்னால் பாதுகாப்பு போய்விடும்" என்று தப்பிக்கப் பார்த்தேன். கெர்க்காஃப்ஸ் விடமாட்டார். விண்டோஸோடு வந்த டிஃபெண்டர். கடவுச்சொல்லை மட்டும் கேட்காதீர்கள்.